சிங்கப்பூரிலிருந்து நான்கு மணி நேரம்

அப்பாவுக்குக் கடைசி வருஷங்களில் ஒரே ஒரு பொழுதுபோக்குதான் இருந்தது. டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு ஊர்களின் பெயரைத் தட்டுவார். அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று திரை சொல்லும். இரண்டு ஊர்கள் என்றால் எப்போதும் அதே இரண்டு ஊர்கள். சென்னை, ஆக்லாந்து. தம்பி நியூசிலாந்துக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து இந்தப் பழக்கம். உலக வரைபடத்தின் மேல் ஒரு கோடு வளைந்து போய்க் கீழே ஒரு மூலையில் முடியும். பதினோராயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பதினாலு மணி நேரம் என்று வரும்.

"நேத்திக்குப் பார்த்ததுதானேப்பா, இன்னிக்கு மாறிடுமா?" என்று கேட்டால், "நிலமெல்லாம் நகர்ந்துண்டே இருக்குடீ. ஒரு முழமாவது கிட்ட வந்திருக்காதா?" என்பார். விளையாட்டாகச் சொல்வது போலத்தான் இருக்கும். ஆனால் மறுநாளும் தட்டுவார்.

அந்தப் பதினாலு மணி நேரம் பொய் என்பதும் அவருக்குத் தெரியும். அந்தக் கோட்டின் மேல் எந்த விமானமும் பறப்பதில்லை. இங்கிருந்து சிங்கப்பூர், அங்கே இறங்கிக் காத்திருப்பு, பிறகு இன்னொரு விமானம் ஏறி ராத்திரி முழுவதும் கடல். வாசலில் செருப்பைப் போடுவதிலிருந்து அங்கே செருப்பைக் கழற்றுவது வரை பார்த்தால் ஒரு முழு நாளை அது விழுங்கிவிடும். அப்பா அதைத் தன் பாணியில் பிரித்து வைத்திருந்தார். "சிங்கப்பூர் நாலு மணி நேரம். மதுரைக்குப் பஸ்ல போற நேரத்துல பாதி. அதுவரைக்கும் ஒண்ணும் தூரமே இல்லை. சிங்கப்பூரைத் தாண்டினப்புறம்தான் தூரம்." இதை வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்வார், பால் போடுகிறவர் உட்பட.

நான் கோட்டூர்புரத்தில் இருக்கிறேன். கல்யாணமாகி வந்த இடம். அப்பா அம்மா இருந்தது மேற்கு மாம்பலத்தில், பழைய அடுக்குமாடியின் இரண்டாம் மாடியில். அப்பாவுக்கு இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பித்த பிறகு நான் தினமும் ஆபீஸ் முடிந்து அங்கே போய்விட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். சைதாப்பேட்டையில் பஸ் நகராது. மாம்பலத்துச் சந்துக்குள் ஆட்டோ வராது, வந்தாலும் திரும்பாது. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். இந்தத் தூரத்தை யாரும் டேப்பில் தட்டிப் பார்த்ததில்லை. "பொண்ணு பக்கத்துலதானே இருக்கா" என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள். பக்கத்தில் இருப்பவள் வந்ததாகக் கணக்கே கிடையாது, ஏனென்றால் அவள் எங்கிருந்தும் வரவில்லை.

அப்பா என்னிடம் வாழ்க்கையில் ஒரே ஒன்றுதான் கேட்டார். மாம்பலத்து வீட்டுக்கு மேலே மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர் காலமானார். அவருடைய பிள்ளை அமெரிக்காவிலிருந்து வரவேண்டும் என்று கீழே கார் நிறுத்தும் இடத்தில் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். அப்பா இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் குளித்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"கண்ணாடிக்கு உள்பக்கம் வேர்த்துக் கொட்டறது. மூஞ்சியே தெரியலை. அந்த மனுஷன் பாட்டுக்குக் கத்தரிக்காய் மாதிரி உள்ள கிடக்கான், மேல மோட்டார் சத்தம் போடறது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என்னை அதுல வெக்கப்படாது. யார் வந்தாலும் சரி, வராட்டாலும் சரி. ஒரு ராத்திரி தாங்குவேன். மறுநாள் கார்த்தால எடுத்துடணும். ஆள் இல்லேன்னா நீயே கொள்ளி வை" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அச்சானியமாப் பேசாதேங்கோ" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். அப்பா விடவில்லை. அவளையும் கூப்பிட்டு எதிரே நிற்க வைத்து, "சரின்னு சொல்லு" என்றார். அவள் சொல்லும்வரை காப்பியைத் தொடமாட்டேன் என்று டம்ளரைத் தள்ளி வைத்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சரி என்றாள். நானும் சரி என்றேன். அதற்கப்புறம்தான் ஆறிப்போன காப்பியைக் குடித்தார்.

இந்த மார்கழியில் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இனிமேல் செய்ய அதிகமில்லை என்பதை அவர்கள் பாணியில் நாசூக்காகச் சொன்னார்கள். தம்பி லீவு போட்டுவிட்டு வந்தான். இரண்டு வாரம் இருந்தான். இருந்தவரை அப்பாவின் காலைப் பிடித்துவிட்டான், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. மத்தியானம் தூங்குவான், சாயங்காலம் தி. நகரில் ஏதாவது ஒரு சபா கேன்டீனுக்குப் போய் அடை அவியல் சாப்பிட்டுவிட்டுப் படம் போடுவான். பாட்டுக் கேட்டானா என்று எனக்குத் தெரியாது. "அப்பாவுடன் மார்கழி" என்று ஒரு படத்துக்குக் கீழே எழுதியிருந்தான். அந்தப் படத்தில் அப்பா இல்லை, அவியல்தான் இருந்தது.

அவன் திரும்பிப் போகும் நாள் திங்கட்கிழமை. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பவேண்டிய நேரம் சரியாக ராகுகாலம். போதாததற்குத் திங்கட்கிழமை கிழக்கே சூலம். நியூசிலாந்து கிழக்கே இருக்கிறது என்பதை அம்மா அப்பாவின் டேப்பில் பார்த்து உறுதி செய்துகொண்டாள். இப்படி வந்தால் எங்கள் வீட்டில் பரஸ்தானம் வைப்பது வழக்கம். கிளம்ப முடியாத நேரத்தில் கிளம்ப வேண்டியிருந்தால், முந்தின நாளே ஒரு நல்ல வேளை பார்த்து, பயணம் போகிறவரின் பை ஒன்றை வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். மறுநாள் ராகுகாலத்தில் காலை வெளியே வைத்தால் ராகு ஏமாந்துபோவார், ஆள்தான் நேற்றே கிளம்பியாயிற்றே. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. வெளியே போன பை மறுபடி வாசற்படி தாண்டி உள்ளே வரக்கூடாது. கிளம்பினவன் வழியில் திரும்பக்கூடாது.

எங்கள் பைகள் எப்போதும் எதிர் வீட்டுக்குத்தான் போகும். அங்கே ஒரு முஸ்லிம் தம்பதி பல வருஷமாக இருக்கிறார்கள். அவருக்குத் தி. நகரில் லைனிங் துணிக் கடை. அந்த அக்கா எங்கள் பைகளைத் தன் வீட்டு அலமாரிக்குப் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போர்த்திவிடுவார். என் கணவர் டில்லிக்கு இன்டர்வியூவுக்குப் போனபோதுகூட அவர் பை அங்கேதான் கிளம்பியது.

தம்பிக்கு இதெல்லாம் கிண்டல். "அம்மா, பிளேன் மீனம்பாக்கத்துல மேற்கே பார்த்து ஓடித்தான் கிளம்பும். சூலம் என்ன பண்ணும், யூ டர்ன் போடுமா?" என்பான். பத்து வயசிலிருந்து அவன் இப்படித்தான். பூணூலைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கிரிக்கெட்டுக்குப் போவான். அம்மா கிழிக்கும் நாள்காட்டித் தாளில் ராகுகாலத்தைப் பேனாவால் அடித்து வேறு நேரம் எழுதி வைப்பான். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா சொன்னாளே என்று முதுகுப்பையை எதிர் வீட்டில் வைத்துவிட்டு வந்தான். வந்து, "நான் ஆல்ரெடி போயாச்சு, யாரும் எங்கிட்ட வேலை சொல்லாதேங்கோ" என்று சோபாவில் படுத்துக்கொண்டான். அப்பா சிரித்தார். அதுதான் நான் பார்த்த அவருடைய கடைசிச் சிரிப்பு.

அன்று சாயங்காலம் அப்பாவுக்கு மூச்சு மோசமானது. தெருமுனை டாக்டர் வந்து பார்த்தார். வெளியே வந்ததும் மாடிப்படியில் நின்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "ரெண்டு நாளோ மூணு நாளோ, என்னால சொல்ல முடியலம்மா. நாளைக்கேகூட இருக்கலாம். தம்பி கெளம்புறாருன்னு கேள்விப்பட்டேன். முடிஞ்சா இருக்கச் சொல்லுங்க."

உள்ளே போய்த் தம்பியிடம் சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. போனை எடுத்து, "டிக்கெட்டைத் தள்ளிப் போட முடியுமான்னு பார்க்கறேன் அக்கா" என்றான். உண்மையாகவே தேட ஆரம்பித்தான்.

அம்மா நடுவில் வந்தாள். "பை போயாச்சு."

"அதனால என்னம்மா?" என்றேன் நான்.

"அதனால என்னவா? பரஸ்தானம் ஆனதைத் திரும்ப உள்ள கொண்டு வந்தா யாருக்குக் கெடுதல்னு தெரியுமோ? ஆத்துல இப்படிப் படுத்துண்டிருக்கார். இந்த நேரத்துலயா அதைப் பண்ணுவா? அவன் போகட்டும். அவன் நன்னாப் போய்ச் சேர்ந்தாத்தான் இவருக்கும் நன்னாகும்."

தம்பி என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அப்போது அவன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். சின்ன வயசிலிருந்து கூடவே இருந்த முகம், எனக்குத் தெரியாதா. அவனுக்கு அது விடுதலையாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினான். எதிர் வீட்டில் பையை எடுத்துக்கொண்டு அப்படியே படி இறங்கினான். அப்பாவுக்குப் பேச மூச்சு போதவில்லை. கையைத் தூக்கினார். டேப்பைக் கேட்டார். நான் விமானம் எங்கே போகிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்து அவர் நெஞ்சின் மேல் சாய்த்து வைத்தேன். ஒரு மஞ்சள் புள்ளி கடலுக்குள் நகர்ந்தது. அவருக்குக் கண் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. மத்தியானம் தாண்டி, "எங்க இருக்கான்?" என்றார்.

"அந்தமான் தாண்டியாச்சுப்பா" என்றேன்.

"கிட்டதான்" என்றார். புள்ளி சிங்கப்பூரைத் தொடுவதற்கு முன்னால் அவர் போய்விட்டார்.

நான் அழுதேன். ஆனால் அழுவதற்கு நடுவிலேயே எனக்குள் ஒருத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சிங்கப்பூரில் இறங்கப் போகிறான். அங்கிருந்து ராத்திரிக்கு சென்னைக்கு விமானம் இருக்கிறது. நான் தேடிப் பார்த்தேன், இடம் இருந்தது. நான்கு மணி நேரம். மார்கழிக் குளிர், மின்விசிறியை நிறுத்திவிட்டு ஐஸ் வாங்கி வைத்தால் ஒரு ராத்திரி தாங்கும், அப்பாவே சொல்லியிருக்கிறார். விடிந்ததும் எடுத்துவிடலாம். பெட்டி வேண்டாம். அப்பா ஒரே ஒன்றுதான் கேட்டார், அது நடக்கப் போகிறது என்று அந்தத் துக்கத்திலும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது.

தம்பிக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். 'அப்பா போய்விட்டார். சிங்கப்பூரில் இறங்கியதும் திரும்பி வா. ராத்திரி விமானத்தில் இடம் இருக்கிறது. காலையில் எடுத்துவிடலாம். அப்பா பெட்டி வேண்டாம் என்று சொன்னது உனக்கும் தெரியும்.' முதலில் ஒரு டிக் விழுந்தது. நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு டிக். இறங்கிவிட்டான். அப்புறம் இரண்டும் நீலமாயின. படித்துவிட்டான்.

பதில் வரவில்லை. அழுகிறான் போல, அழட்டும் என்று காத்திருந்தேன். கூப்பிட்டேன், மணி அடித்து ஓய்ந்தது. இதற்குள் டாக்டரிடம் போய்ச் சர்ட்டிபிகேட் வாங்கிவர வேண்டியிருந்ததால் இறங்கிப் போனேன். அங்கே அரை மணி நேரம் ஆனது. மறுபடி மாடியேறி வந்தபோது அம்மாவின் தம்பி, என் மாமா, நங்கநல்லூரிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "அவன் வர நாளாகும். பெட்டிக்குச் சொல்லிடு" என்றாள்.

"சிங்கப்பூர்லேர்ந்து நாலு மணி நேரம்மா."

"நாளாகும்கிறேனே. சொல்லிடு."

மறுபடி கூப்பிட்டேன். தம்பியின் போன் அணைந்திருந்தது. மாமா தன் போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு தட்டிப் பார்த்து, "ஆக்லாந்து டு சென்னை பதினாலு மணி நேரம்தான் போட்டிருக்கு. நாளைக்குச் சாயங்காலம் வந்துடுவான்" என்று கூடத்துக்கே அறிவித்தார். உட்கார்ந்திருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தக் கோட்டின் மேல் விமானமே கிடையாது மாமா, இங்கே படுத்திருக்கிறவருக்கு அது தெரியும் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

சாஸ்திரிகளுக்குப் போன் செய்தேன். அவர் நல்ல மாதிரி. "பிள்ளை வர நாளாகும்னா தர்ப்பை வாங்கிண்டு அவனுக்குப் பதிலா வேற ஒருத்தர் தகனத்தைப் பண்ணலாம். அவன் வந்து மிச்ச காரியத்தை எடுத்துண்டு பண்ணட்டும். வழி இருக்கும்மா" என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவைக் கேட்க வைத்தேன்.

"பிள்ளை இருக்கான். அவன் வந்து பண்ணுவான்" என்றாள் அம்மா.

"அப்பாக்கு நீ சரின்னு சொன்னியேம்மா. காப்பியைத் தள்ளி வெச்சுண்டு கேட்டாரே."

"அவருக்கு இப்ப என்ன தெரியப் போறது?" என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில்தான் சொன்னாள். அதனால்தான் எனக்கு அதற்குமேல் சண்டை போட முடியவில்லை. புருஷனைப் பறிகொடுத்துச் சில மணி நேரம்கூட ஆகாதவளிடம் எப்படிக் கத்துவது.

பெட்டி வந்தது. கொண்டுவந்த ஆள் கூடத்தைச் சுற்றிப் பார்த்து, "பதினஞ்சு ஆம்ப்ஸ் பாயின்ட்டு எங்க கீது மா? சின்னதுல போட்டா ட்ரிப் ஆயிக்கினே இருக்கும்" என்றார். கூடத்தில் அப்படி ஒன்றுதான் உண்டு. அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில். அதில் அவருடைய டேப் சார்ஜர் செருகியிருந்தது. அந்த ஆள் அதைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி, பத்திரமாக என் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டியின் வயரைச் செருகினார். மோட்டார் உறும ஆரம்பித்தது. அப்பாவை உள்ளே வைத்தார்கள்.

மறுநாள் காலை தம்பி ஆக்லாந்திலிருந்து பேசினான். "இப்பதான் அக்கா பார்த்தேன், லேண்ட் ஆகி இப்பதான் போனை ஆன் பண்ணினேன்" என்று தேம்பினான். நான் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் அம்மா இருந்தாள். இருந்த ஒரே பிள்ளையும் அப்பாவின் சாவைப் படித்துவிட்டு இன்னொரு விமானத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டான் என்று தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். அந்த இரண்டு நீல டிக்கை நான் விழுங்கிக்கொண்டேன்.

புதன் ராத்திரிதான் அவனால் வர முடிந்தது. அதுவரை அப்பா பெட்டியில் இருந்தார். கண்ணாடிக்கு உள்பக்கம் அவர் சொன்ன மாதிரியே வேர்த்தது. நான் துணியால் துடைத்துப் பார்த்தேன். வெளிப்பக்கம்தான் துடைக்க முடிந்தது. வந்தவர்கள் எல்லோரும் குனிந்து பார்த்து, முகம் தெரியாமல் நிமிர்ந்து, பிறகு ஒரே மாதிரி கேட்டார்கள். "பிள்ளை எங்கேர்ந்து வரணும்?" நியூசிலாந்து என்றதும் ஒரு மரியாதை வந்தது. "பாவம், எத்தனை தூரம்! குழந்தை எப்படித் துடிச்சுண்டு வரானோ!" என்றார்கள். அப்பாவுக்காகக் கேட்டவர்களைவிட வந்துகொண்டிருந்தவனுக்காக உச்சுக் கொட்டியவர்கள்தான் அதிகம்.

எதிர் வீட்டு அக்கா எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்தார். பெட்டிப் பக்கம் பார்த்துவிட்டு, "எங்கள்ல ஒரு பொழுது தாண்ட விட மாட்டாங்கம்மா" என்றவர், உடனே என் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதே. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மொறை" என்றார். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் அப்பா பிறந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பி வந்தான். வாசலிலேயே கதறினான். நாலு பேர் தாங்கிப் பிடித்தார்கள். வியாழக்கிழமை காலை எடுத்தோம். அவன் கொள்ளி வைத்தான். பெண்கள் மயானத்துக்கு வரவேண்டாம் என்றார்கள். நான் வீட்டைக் கழுவிவிட்டேன். பெட்டி நின்ற இடத்தில் தரை சில்லென்று இருந்தது.

பதின்மூன்றாம் நாள் காரியம் வரை நான் தம்பியோடு தேவைக்குமேல் பேசவில்லை. எல்லோரும் அவனைப் புகழ்ந்தார்கள். "கால் தரையில படறதுக்குள்ள திரும்பி ஏறி வந்திருக்கான், இந்தக் காலத்துல யார் பண்றா?" என்று மாமா போகிற இடமெல்லாம் சொன்னார். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் போகும் நாள் மறுபடியும் ஒரு திங்கட்கிழமையாகவே அமைந்தது. அதே ராகுகாலம், அதே சூலம். ஞாயிற்றுக்கிழமை காலை அவன் முதுகுப்பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது வீட்டில் எங்கள் மூன்று பேரைத் தவிர யாரும் இல்லை. அம்மா ரேழியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் காதில் விழாமல் பேசத்தான் நினைத்தேன். என் குரல் அதற்குக் கட்டுப்படவில்லை.

"நீ சிங்கப்பூர்லயே பார்த்துட்டே" என்றேன்.

அவன் துணி மடிப்பதை நிறுத்தினான்.

"ரெண்டு டிக்கும் நீலமாச்சு. நாலு மணி நேரத்துல வந்திருக்கலாம். அப்பா பெட்டில கிடந்திருக்க வேண்டாம். எப்படிடா ஏறினே அந்தப் பிளேன்ல? சீட் பெல்ட் போட்டுண்டு, அவா கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டியா?"

அவன் என்னைத் தாண்டி ரேழியைப் பார்த்தான். நான் திரும்பினேன். அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்திருந்தாள்.

"அவனைக் கேக்காதே. நான்தான் சொன்னேன்" என்றாள்.

நான் டாக்டரிடம் போயிருந்த அந்த அரை மணி நேரத்தில் அவன் அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டிருக்கிறான். திரும்பி வரட்டுமா என்று கேட்டிருக்கிறான். "வராதேன்னேன். பரஸ்தானம் பண்ணிக் கிளம்பினவன் பாதி வழில திரும்பப்படாது. போய்ச் சேர்ந்து ஆத்துல காலை வெச்சுட்டு, அங்கேர்ந்து புதுசாக் கிளம்பி வான்னேன். உன் கிட்ட சொல்ல வேண்டாம்னும் நான்தான் சொன்னேன். நீ கத்துவே. ஒருத்தர் போயாச்சு. இவனுக்கும் ஒண்ணு ஆயிடுத்துன்னா நான் என்ன பண்ணுவேன்?"

நான் இத்தனை நாள் அவளுக்குத் தெரியக்கூடாது என்று விழுங்கி வைத்திருந்ததை, அவள் எனக்குத் தெரியக்கூடாது என்று விழுங்கி வைத்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை.

"அம்மா சொன்னா, அக்கா" என்றான் தம்பி.

"பிறந்ததுலேர்ந்து அம்மா சொன்னது எதையாவது கேட்டிருக்கியாடா நீ? ராகுகாலத்தை அடிச்சு வேற நேரம் எழுதி வெச்சவன். அந்த ஒரு நாள்தான் உனக்கு சாஸ்திரம் வந்துதா?"

அவன் முதுகுப்பையின் ஜிப்பை இழுத்து மூடினான். பயந்திருப்பான். அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயம், கொள்ளி வைக்கப் பயம். போகச் சொல்லி ஒருத்தி சொன்னாள், அவன் பிடித்துக்கொண்டான். ஆக்லாந்து போய் வந்தால் தூரத்திலிருந்து வந்த பிள்ளை. சிங்கப்பூரிலிருந்து வந்தால் வெறும் திரும்பி வந்த பிள்ளை. இதை அவன் யோசித்துச் செய்தான் என்று நான் சொல்லமாட்டேன். யோசிக்காமலே அவனுக்கு எல்லாம் இப்படித்தான் வசமாக அமையும்.

அம்மா பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, "ஒன்பதரைக்குள்ள வெச்சுடணும். அவன் குளிக்கட்டும். நீ பையைக் கொண்டுபோய் வெச்சுட்டு வா" என்றாள். எதுவுமே நடக்காதது போல. தம்பி துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்விட்டான்.

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். அதிக கனமில்லை. வாசல்வரை அம்மா கூடவே வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறாளோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, அவன் வர வரைக்கும் என்னை வெச்சிரு" என்றாள். "எத்தனை நாளானாலும் சரி. பெட்டியில வெச்சாலும் பரவாயில்லை. அவசரப்பட்டு நீ ஒண்ணும் பண்ணிடாதே."

அவள் கண் கலங்கியிருந்தது. அது எனக்காக இல்லை.

"சரிம்மா" என்றேன். அப்பாவுக்கும் இதே வீட்டில்தான் சரி என்று சொன்னேன். இவளுக்குச் சொன்னது கட்டாயம் நடக்கும். வயரை எங்கே செருகவேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியும். பையைச் சரியாக மாட்டிக்கொண்டு எதிர் வீட்டு மணியை அழுத்தினேன்.